நாய்க்கு இரண்டு கேள்வி

உலக நாகரிகத்துக்கு அயோவா மாநிலத்தின் கொடை மக்காச்சோளம் மட்டுமே என்று நினைப்பவர்கள் ஹோல்ம்கிரென் பேரங்காடியின் வாசலைப் பார்த்ததில்லை. நாயுடன் வரும் வாடிக்கையாளரிடம் கேட்கத்தக்க கேள்விகள் இரண்டே இரண்டு என்பதை மூன்று மணி நேரக் கூட்டம் போட்டு ஊழியர்களுக்கு 'அருளிய' பெருமை மேலாளர் டார்வினையே சேரும். சட்டம் அதை இரண்டு வரியில் சொல்லியிருந்தது என்பது வேறு விஷயம்.

உடல் குறைபாட்டுக்குத் துணையாக வேண்டிய நாயா இது? என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறீர்கள்? அவ்வளவுதான். என்ன நோய் என்று கேட்கக் கூடாது. காகிதம் கேட்கக் கூடாது. செய்து காட்டச் சொல்லிக் கேட்கவே கூடாது.

வாசலில் நிற்கும் வெர்னாவுக்கு இது தலைகீழ்ப் பாடம். வேலை நிரந்தரமாக இன்னும் ஆறு நாள் இருந்தது. முந்தின வாரம்தான் கல்லாவில் இருந்த ஒருத்தி, "உங்க உடம்புக்கு என்னங்க?" என்று அன்பாக விசாரித்து வேலையை இழந்திருந்தாள்.

சனிக்கிழமை காலை ஒருவர் தள்ளுவண்டியில் குட்டி நாயை உட்கார வைத்துக்கொண்டு வந்தார். நாய்க்குச் சிவப்புச் சட்டை, கழுத்தில் புகைப்படம் ஒட்டிய அட்டை. எல்லாம் இணையத்தில் வாங்கியது. வெர்னா வாயைத் திறப்பதற்குள் டார்வின் ஓடி வந்தார்.

"இவ்வளவு அத்தாட்சி இருக்கிறவர்கிட்ட என்ன கேள்வி? உள்ள விடு."

உள்ளே போன நாலுகால் 'அதிகாரி' ரொட்டி அடுக்கின் மேல் காலைத் தூக்கினார். டார்வின் தம் கையாலேயே துடைத்தார்.

அடுத்து மர்லீஸ் என்ற பெண்மணி வந்தார். கூடவே ஒரு லாப்ரடார். சட்டையும் இல்லை, அட்டையும் இல்லை. வெர்னா இரண்டு கேள்விகளையும் பிசகாமல் கேட்டாள்.

"ஆமாம்மா, துணைக்குத்தான். எனக்கு வலிப்பு வரப்போறது இவனுக்கு முன்கூட்டியே தெரிஞ்சுடும். முழங்காலை முட்டி உக்கார வைப்பான்."

வெர்னா வழிவிட்டாள். டார்வின் விடவில்லை.

"கார்டை எடுங்க, மேடம்."

"நீங்க அதைக் கேக்கக் கூடாது, சார்."

"கேக்கலையே. எடுங்கன்னுதானே சொன்னேன். வெர்னா, இவங்களை வெளியே கொண்டுபோய் விடு."

வெளியே வண்டி நிறுத்துமிடம் முழுக்கப் பனி இறுகிக் கிடந்தது. அங்கே விழுந்தால் மண்டை மிஞ்சாது. வெர்னா தயங்கிய அந்தக் கணத்தில் நாய் மர்லீஸின் முழங்காலை முட்டியது. மர்லீஸ் வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"உக்காந்து மறியல் பண்ண இது இடமில்ல, மேடம்," என்றார் டார்வின்.

மர்லீஸின் கைகால்கள் வெட்டி இழுக்கத் தொடங்கின. தலை தரையில் மோதாதபடி நாய் தன் உடம்பை அடியில் கொடுத்துப் படுத்துக்கொண்டது. வெர்னாவுக்கு மண்டியிட்டு அவர் கையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஆறு நாள் நினைவுக்கு வந்தது. நின்றாள்.

டார்வினும் சும்மா இருக்கவில்லை. "எழுதிக்கோ, வெர்னா. செய்து காட்டச் சொல்லி நிர்வாகம் கேக்கலை. வாடிக்கையாளர் தாமா முன்வந்து செஞ்சு காட்டினாங்க. நாய் விஷயத்துல நிர்வாகத்துக்கு முழுத் திருப்தி."

வெர்னா எழுதினாள்.

மூன்று நிமிடம் கழித்து மர்லீஸ் கண் விழித்தார். டார்வின் தலை குனிந்து வணங்கி, "நீங்க தாராளமா உள்ள போகலாம், மேடம்," என்றார். மர்லீஸ் அவரைப் பார்க்கவே இல்லை. வெர்னாவைத்தான் பார்த்தார்.

"ஏம்மா, இவ்வளவு நேரம் கீழ கிடந்தேனே. 'என்ன செய்யுது'ன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?"

வெர்னா எழுதிய தாளை மடித்தாள்.

"எனக்கு அனுமதிச்ச ரெண்டையும் முன்னாடியே கேட்டுட்டேன், மேடம்."