டாக்டருக்கு முதுகு காட்டத் தெரியாதவன்

ஸ்டெல்லாக்கா, உன்னை நினைத்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் முதுகுதான் கூசுகிறது.

அப்போது நான் பீளமேட்டில் இரும்பு வார்க்கிற ஒரு ஃபவுண்டரியில் வேலையில் இருந்தேன். (எட்டாவதுக்கு மேல் என்னைப் பள்ளிக்கூடத்தில் உட்காரவைக்க உன்னாலேயே முடியவில்லை.) பாரம் தூக்கித் தூக்கிக் குடல் இறங்கிவிட்டது. நீ நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பார்கள் என்றாய். அது சாக்குத் தைக்கிற ஊசி அளவு இருக்கும் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

டாக்டர் உள்ளே வந்ததும் மரியாதைக்கு எழுந்து நின்றேன். எனக்கு மாட்டிவிட்டிருந்த ஆபரேஷன் கவுனின் பின்பக்க நாடா அவிழ்ந்திருந்தது எனக்கு மட்டும்தான் தெரியாது.

"உக்காருங்க தம்பி. மரியாதையெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

தலையணையைக் கட்டிக்கொண்டு பூனை மாதிரி முதுகை வளைத்தேன்.

"முதல்ல சின்ன ஊசி, தோலு மரத்துப்போறதுக்கு. எறும்பு கடிச்சாப்பல இருக்கும். வலிக்குதுங்களா?"

பெரியவர்கள் கேட்டால் முகம் பார்த்துத்தானே பதில் சொல்ல வேண்டும்? முழுசாகத் திரும்பி, "இல்லீங்க டாக்டருங்க" என்றேன். ஊசியோடு அவர் கை பின்வாங்கியது. மறுபடி கேட்டார். மறுபடி திரும்பினேன்.

"தம்பி, பெரிய ஊசி போடறப்ப இப்படித் திரும்புனா ஆபத்து. ஆபரேஷனையே இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போட்டறலாமா?"

பக்கத்தில் நின்றிருந்த நீ முன்னால் வந்து என் நெற்றியை உன் தோளில் சாய்த்துக்கொண்டாய்.

"ஏன்டா, அவருக்கு உன்ற மூஞ்சி எதுக்கு? முதுகுதான் வேணும். எங்கிட்டச் சொல்லு, நான் அவருகிட்டச் சொல்லிக்கறேன்."

அப்புறம் ஒவ்வொன்றாகக் காதில் சொன்னாய். "இப்பப் பஞ்சு, சில்லுனு இருக்கும். இப்ப லேசா அமுக்குவாரு. வலிக்குதான்னு கேக்கறாரு."

"இல்லீங்கன்னு சொல்லுக்கா."

"இல்லீங்களாமா, டாக்டர்."

டாக்டருக்குச் சிரிப்பு அடங்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம். வெகுநேரம் கழித்து, "பெரிய ஊசி எப்பக்கா?" என்றேன்.

"அது போட்டாச்சு கண்ணு."

இன்றும் யாராவது பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டால், "திரும்பாமச் சொல்லுடா!" என்று வீடே கத்தும். ஆரம்பித்து வைத்தவள் நீ.

போன மாசம் நீ கடைசியாகப் படுத்துவிட்டபோது உன் முதுகிலும் ஊசி போட்டார்கள். முன்னால் நின்று தோள் கொடுத்தேன்.

"வலிக்குதான்னு கேக்கறாருக்கா."

கண்ணைத் திறக்காமலே, "இல்லீங்கன்னு சொல்லு" என்றாய்.

சொன்னேன், அக்கா. அழுதுகொண்டே சொன்னேன்.

இதைப் படிக்கிற எல்லோரும் எங்கள் ஸ்டெல்லாக்காவின் ஆன்மா இளைப்பாற ஒரு ஜெபம் செய்யுங்கள். எந்தப் பக்கம் பார்த்துச் செய்தாலும் சரி.