முப்பத்தெட்டு அப்பாக்கள்

முப்பத்தெட்டு நோட்டுகளையும் திருத்தி முடித்த தமிழாசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஒன்பதாம் வகுப்பில் எல்லா அப்பாக்களும் காலை ஐந்து மணிக்கு எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். நான்காம் மாடியில் குடியிருக்கும் அப்பாவும் ஊற்றினார். பையன் பிறக்கும் முன்பே வீட்டைவிட்டு ஓடிப்போன அப்பாவும் தவறாமல் ஊற்றினார்.

வருடா வருடம் அவரே கரும்பலகையில் எழுதிப்போட்ட 'என் தந்தை' கட்டுரைதான். ஓய்வுபெற இன்னும் பத்தே நாள். முப்பது வருடத்தில் ஒரு பிள்ளையையாவது சொந்தமாக ஒரு வரி எழுத வைத்தோமா என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"உங்க அப்பாவைப் பத்தி நீங்களே எழுதுங்க" என்றார் வகுப்பில்.

"எப்படி சார்? ஒரு மாதிரி சொல்லுங்க சார்."

மனசு உருகிச் சொன்னார். "எங்க அப்பா என்னை சைக்கிள்ல பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டு வருவாரு. அதுல பெல் உடைஞ்சுபோச்சு. வழியெல்லாம் வாயாலயே 'ட்ரிங் ட்ரிங்'னு கத்திக்கிட்டே வருவாரு."

சொல்லும்போதே கண் கலங்கியது.

மறுநாள் முப்பத்தெட்டு அப்பாக்களும் ட்ரிங் ட்ரிங் என்று கத்தினார்கள்.

"இனிமே மாதிரியே கிடையாது!"

முப்பத்தேழு நோட்டுகள் வெள்ளையாக வந்தன. கடைசி பெஞ்சுப் பெண் மட்டும் மூன்று வரி எழுதியிருந்தாள்: 'எங்க அப்பா பஸ் ஓட்றாரு. வீட்ல பேசவே மாட்டாரு. தூக்கத்துல காலால பிரேக் போடுவாரு.'

ஆசிரியர் துள்ளிக் குதிக்காத குறை. ஆனால் பழகிய கை சும்மா இருக்குமா? அந்தச் சந்தோஷத்திலேயே சிவப்புப் பேனாவால் ஏழு இடங்களில் சுழித்துவிட்டார்.

அடுத்த நாள் அவள் முத்து முத்தாகத் திருத்தி எழுதி வந்தாள். "இப்ப ஒரு தப்புகூட இல்ல சார், பாருங்க."

பார்த்தார். அவள் அப்பாவும் ஐந்து மணிக்கு எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மாலையில் ஆசிரியர் அறையைப் பூட்ட வந்த பியூனிடம் புலம்பினார். இருவரும் இதே பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஆளில்லாத நேரத்தில் 'சார்' கிடையாது.

"கெடுத்துட்டேன்டா. தூக்கத்துல பிரேக் போட்ட மனுஷனை நானே அழிச்சிட்டேன். பிள்ளைங்களுக்கு ஏன் வரல? நான் எங்க அப்பாவைப் பத்தி எவ்வளவு உண்மையா சொன்னேன்! அந்த சைக்கிளு, அந்த ட்ரிங் ட்ரிங்..."

பியூன் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பினார்.

"டேய், அது நம்ம வாத்தியார் போர்டுல எழுதிப்போட்ட கட்டுரைடா. உங்க அப்பாவுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே!"