பிரிக்பீல்ட்ஸ் வானிலை ஆங்கில வகுப்பு

மகா யுத்தத்தை ஜெயித்தது யார் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். சமாதானத்துக்கு முதலில் தயாரானவர்கள் பிரிக்பீல்ட்ஸ் குமாஸ்தாக்களாகிய நாங்கள் என்பதில் இருக்க முடியாது.

ஜப்பான்காரன் சரணடைந்தான் என்ற செய்தி வந்த மறுநாளே ஆங்கில வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. ஆசிரியர் எங்கள் ஹெட் கிளார்க் தம்புசாமி. மூன்றரை வருஷமாக அதே கூடத்தில் ஜப்பானிய மொழி நடத்திய அதே தம்புசாமிதான். அப்போது யாராவது வாய்தவறி ‘குட் மார்னிங்’ சொன்னால் மேலிடத்துக்கு எழுதிப்போடும் அளவுக்கு அவருக்குக் ‘கடமையுணர்ச்சி’ உண்டு. இப்போது கரும்பலகையை மட்டும் திருப்பி மாட்டினார்.

“வெள்ளைக்காரன் வானிலை பேசாம வாயைத் தொறக்க மாட்டான். வெயில் அடிச்சா ‘லவ்லி வெதர், சார்’. மேகம் கட்டினா ‘லுக்ஸ் லைக் ரெயின், சார்’. அதுக்கு மேல பேசினா மரியாதை இல்ல லா!”

பாடத்திட்டம் முழுவதும் இவ்வளவுதான். மூன்று வாரம் உயிரைக் கொடுத்துப் படித்தோம். பழைய உத்தியோகம் திரும்பக் கிடைக்க வேண்டுமே!

வகுப்பு வாசலில் தினமும் வள்ளியம்மா வந்து நிற்பாள். அவள் புருஷன் கன்னையா ரோட்டு வேலைக் கூலி. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் அவனை அனுப்பி இரண்டு வருஷமாகிறது. உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தகவல் இல்லை.

“ராதாகிருஷ்ணன் அண்ணே, தொர வந்தா என் வீட்டுக்காரரு எங்கன்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே” என்று என்னைக் கெஞ்சுவாள்.

“கேக்காம இருப்பனா? மொதல்ல வானிலை, அப்புறம் உன் விஷயம். அதான் முறை.”

துரை வந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. பதினொரு பேரும் ஒரே குரலில், “லவ்லி வெதர், சார்!” என்றோம். உச்சரிப்பில் குற்றமில்லை. ஆனால் சொன்ன கையோடு அத்தனை பேரும் இடுப்பை மடித்துத் தரையைப் பார்த்துக் குனிந்துவிட்டோம், ஜப்பான் சக்கரவர்த்திக்குத் தினமும் போட்ட அதே கும்பிடு. துரையின் சிரிப்பு பாதியில் நின்றது. தம்புசாமி நிமிராமலே, “லுக்ஸ் லைக் ரெயின், சார்” என்று நிலைமையைச் சமாளித்தார். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை.

குனியாமல் நின்றவள் வள்ளியம்மா ஒருத்திதான். விறுவிறுவென்று துரையிடம் போய், கடைத்தெருவில் எல்லாரும் பேசும் பாசார் மலாயில் புருஷனைப் பற்றிக் கேட்டாள். துரையும் மலாயிலேயே பதில் சொன்னார்! யுத்தத்துக்கு முன் பத்து வருஷம் கிள்ளானில் இருந்தவராம். சயாமிலிருந்து ஆட்களைத் திருப்பிக் கொண்டுவரப் பட்டியல் எடுக்கிறார்களாம். நோட்டை என்னிடம் நீட்டி, கன்னையாவின் விவரத்தை எழுதச் சொன்னார்.

பெயர், தகப்பன் பெயர், வயது, லைன் வீட்டு நம்பர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன்.

வள்ளியம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “ஒரு வார்த்தை என்னைக் கேக்காமலே எழுதிட்டீங்களேண்ணே! எல்லாம் மனப்பாடமா?”

மனப்பாடம்தான். இரண்டு வருஷத்துக்கு முன், சயாமுக்கு ஆள் அனுப்பும் பட்டியலில் தம்புசாமி சொல்லச் சொல்ல அதை எழுதியதும் இதே கைதான்.

நான் அண்ணாந்து வெறும் வானத்தைப் பார்த்தேன்.

“மழை வரும்போல இருக்கும்மா” என்றேன்.