தொண்ணூற்றெட்டு நார்மல்தானே, மாப்பிள்ளை?

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு, அத்தை எழுதிக்கொள்வது. நானும் மாமாவும் சௌக்கியம். நீங்களும் எங்கள் மகள் பாப்பாவும் அந்த வாடகை அறையில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். எங்களை நம்பி விட்டுப்போன உங்கள் கம்ப்யூட்டர் சௌக்கியமா என்றுதான் சொல்லத் தெரியவில்லை. போனில் சொன்னால் நடுவில் பேசி என்னைக் குழப்பிவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். மாமா இதைப் போட்டோ எடுத்து அனுப்புவார்.

ஃபேன் சத்தம் தாங்கவில்லை என்று உங்கள் வீட்டுக்காரர் சண்டைக்கு வந்ததால் அதை எங்கள் முன்னறையில் கொண்டுவந்து வைத்தீர்கள். உங்கள் பொம்மைப் படத்தின் கடைசிக் காட்சியை அது ஒவ்வொரு படமாகத் தயார் செய்துகொண்டிருக்கிறது, மாதக் கடைசிக்குள் முடிந்து கம்பெனிக்குப் போனால்தான் வேலை, ஆகவே யாரும் அணைக்கக் கூடாது என்றீர்கள். நாங்கள் அணைக்கவில்லை. அதுவாகத்தான் அணைந்தது. உள்ளே இருந்த பழைய ஃபேன் முனகி முனகி நின்றுபோயிருந்தது. உங்களுக்குப் போன் போட்டால், "புதுசா வாங்கிப் போட்டுடுங்க அத்தை, ஸ்கிரீன் மூலையில சூடு எவ்வளவுன்னு தெரியும், எழுபதைத் தாண்டாம பாத்துக்கோங்க" என்றீர்கள். பாவம், பதற்றத்தில் வாய் தவறிவிட்டது என்று நானும் திருத்தவில்லை.

கடையில் போய் ஒரு ஃபேன் கொடுங்கள் என்றால், "பெருசா சின்னதா, மூணு ஒயரா நாலு ஒயரா, முன்னாடிக்கா பின்னாடிக்கா?" என்று கடைக்காரர் அடுக்குகிறார். பாப்பாவுக்கு உங்களைப் பேசி முடித்தபோதுகூட நான் இத்தனை கேள்வி கேட்கவில்லை. பெரியது என்றால் மெதுவாகச் சுற்றினாலே போதும், சத்தம் குறைவு, நாலு ஒயர் என்றால் வேகத்தைக் கம்ப்யூட்டரே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் என்றார். பெரியதாக, நாலு ஒயராக மூன்று வாங்கிவந்தேன். மாமா கையில் ஸ்குரூ டிரைவர் கிடைத்தால் கேட்க வேண்டுமா? மூன்றையும் தான் உட்காரும் நாற்காலியைப் பார்க்க மாட்டிவிட்டு, "ஃபேன்னா மூஞ்சில காத்து வரணும்ல? இப்பதான் சுகமா இருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டார். கடைக்காரருக்குப் போன் போட்டேன். "ஐயோ அம்மா, முன்னாடி ரெண்டும் வெளிக்காத்த உள்ள இழுக்கணும், பின்னாடி இருக்கறது சூட்ட வெளிய தள்ளணும்" என்றார். மூச்சு விடுகிற மாதிரி என்று முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் ரிட்டயர் ஆகும்வரை ஹெட் நர்ஸாக இருந்தவளுக்கு மூச்சு தெரியாதா? கழற்றித் திருப்பி மாட்டினோம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மூலையில் அறுபத்திரண்டு என்று காட்டியது. அறுபத்திரண்டில் நான் யாரையும் உயிரோடு பார்த்ததில்லை மாப்பிள்ளை. ஃபேன் வேகத்தை எங்கே மாற்றுவது என்று கடைக்காரரிடம் கேட்டுத் திறந்தால், அங்கே ஒரு டெம்பரேச்சர் சார்ட். கோடு போகப் போக மேலே ஏறுகிறது. வார்டில் அப்படி ஒரு சார்ட்டைப் பார்த்தால் டாக்டரைக் கூப்பிட ஓடுவோம். நான் ஒவ்வொரு புள்ளியாகப் பிடித்துக் கீழே இழுத்துக் கோட்டைப் படுக்கவைத்தேன். ஃபேன் மூன்றும் அடங்கின. உடம்பு சூடாகட்டும் என்று ஒரு கம்பளியும் போர்த்திவிட்டேன். எண்பது ஆச்சு, தொண்ணூறு ஆச்சு, தொண்ணூற்றெட்டு ஆச்சு. அப்பாடா, நார்மல் என்று காபி போடப் போனேன். திரும்பி வந்தால் திரை இருட்டு.

மறுபடி போட்டோம், மறுபடி தொண்ணூற்றெட்டு, மறுபடி போய்ச் சேர்ந்துவிட்டது. "நீ கைவச்சா இப்படித்தான்" என்கிறார் மாமா. "மூஞ்சிக்குக் காத்து வாங்கினவரு பேசாதீங்க" என்றேன். ஜுரம் இல்லை, மூச்சு சீராக இருக்கிறது, இருந்தும் கண்ணை மூடுகிற பேஷண்டை என் சர்வீஸில் பார்த்ததில்லை. உள்ளே ஏதோ தீராத கோளாறு. மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். பொம்மைப் படமெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது என்று ஆரம்பத்திலிருந்தே நினைத்தேன், மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். மாமாவின் நண்பர் தன் கிடங்கில் கணக்கெழுத ஆள் தேடுகிறார். அங்கே ஃபேன் மேலே தொங்கும், சுவிட்சைப் போட்டால் சுற்றும்.

இருவரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நோய்நொடி அண்டாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
குழம்பிப்போய் உட்கார்ந்திருக்கும் அத்தை.

பி.கு.: மாமா போட்டோ எடுப்பதற்குள் கடைக்காரரே பார்த்துப்போக வந்துவிட்டார். கம்பளியைத் தூக்கியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, நீங்க ஜுரம் பாக்கற டிகிரி வேற, இது வேற. இதுல நூறுன்னா தண்ணி கொதிக்கும்." நான் அதைக் கொதிக்க விட்டுவிட்டு நார்மல் என்றிருக்கிறேன். சூடு ஏற ஏற ஃபேன் வேகமும் ஏற வேண்டும், அந்தக் கோடு அதற்குத்தான் என்று புள்ளிகளை மேலே ஏற்றிவிட்டார். இப்போது அறுபத்திரண்டு. வேலை நின்ற இடத்திலிருந்து தொடர்கிறது, மாதக் கடைசிக்குள் முடிந்துவிடுமாம்.

என்ன கதை என்று நான் உங்களை ஒருநாளும் கேட்டதில்லை. இன்றைக்குத்தான் திரையை ஒழுங்காகப் பார்த்தேன். ஒரு வார்டு. குண்டாக ஒரு நர்ஸம்மா, கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கிறது, கட்டில் கட்டிலாகப் போய்ப் பிள்ளைகளின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்க்கிறாள். மாமா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மூக்கு நுனியில் நின்ற என் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டேன்.

மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். கிடங்குக்கு வேறு ஆள் கிடைப்பார். ஆனால் நான் என்ன அவ்வளவு குண்டா மாப்பிள்ளை? இடுப்பைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கடைக்காரரைக் கேட்டேன். குறைத்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டுமாம், மாதக் கடைசி தாண்டிவிடுமாம். வேண்டாம். குண்டாகவே இருக்கட்டும்.