கம்பத்துக்காரருக்குப் பயமில்லை

அன்று கம்பத்துக்காரர் ஒரு முடிவோடு இருந்தார். சாயங்காலம் வரப்போகிற பிசியோதெரபி டாக்டரம்மா, "விழுந்துடுவோம்னு பயம் உண்டா?" என்று எப்படிக் கேட்டாலும் "பயமா? எனக்கா?" என்று சிரித்துவிட வேண்டியது.

வேலைக்காலம் முழுக்க மின்கம்பத்து உச்சியில் நின்று கம்பி இழுத்தவர்; அதனால் வந்த பெயர்தான் அது. ஆனால் குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்ததும், மாடிப் படுக்கையை விட்டுக் கூடத்துக்கே குடிவந்துவிட்டார். "மேல ஒரே வெக்கை" என்பார். மழைக்காலத்திலும் அதே வெக்கை. மனைவி மாடியில் தனியாகப் படுத்தாள்.

மதியம் வானம் கறுத்தது. கரண்ட் போனது. கூடத்து மூலைகளில் இருட்டு வந்து உட்கார்ந்தது. தலைக்கு மேலே எதையோ தரையோடு இழுக்கும் சத்தம். நின்றது. பிறகு, யாரோ மெல்ல நடந்தார்கள்.

எதிரே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது.

"காதுல விழுதாங்க?"

"ஒண்ணும் விழல."

"காதுலகூட விழக் கூடாதா உங்களுக்கு?"

"எலியா இருக்கும்."

"எலி செருப்பு போட்டுக்கிட்டா நடக்கும்?"

"அப்ப பூனை."

"பூனை பாடுமா?"

பாடத்தான் செய்தது. வார்த்தையே இல்லாத ஒரு மெட்டு, பெண்குரலில், படிக்கட்டு வழியாகக் கசிந்து வந்தது.

"நீங்க இருங்க, நான் போய்ப் பாக்குறேன்" என்று அவள் எழுந்தாள்.

அதற்கு மேலும் உட்கார்ந்திருந்தால் மீசைக்கு என்ன மரியாதை? "நீ இரு!" என்று கிளம்பினார்.

கைப்பிடி பிணம் மாதிரி குளிர்ந்திருந்தது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மூச்சுவிட்டு, அடுத்ததைத் தொட்டார். பாதியில் திரும்பிப் பார்த்தது தப்பு. தரை கிணற்றின் அடியைப் போல ஆழத்தில் கிடந்தது. அதில் மனைவியின் முகம், வெளிறி, அசையாமல்.

மேலே பாட்டு நின்றது. மாடி வாசல் திரைக்குப் பின்னால் ஒரு வெள்ளை உருவம் எழுந்தது.

ஓடலாம் என்று நினைத்தார். ஓடினால் விழுவோமே என்று தோன்றியதும், பேயே தேவலை என்று கைப்பிடியைக் கட்டிக்கொண்டார்.

திரை விலகியது. வெள்ளைக் கோட்டு. டாக்டரம்மா!

"நீங்க... சாயங்காலம்தானே..."

"நீங்க தூங்கும்போதே உங்க வீட்டம்மா கூப்பிட்டு மேல உக்கார வெச்சுட்டாங்க. கேட்டா பொய் சொல்லுவாரு, ஏதாவது சத்தம் போட்டு ஏறவிட்டுப் பாருங்கன்னாங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதான் இவ்வளவு தூரம் ஏறிட்டேனே!"

"அப்ப அப்படியே தனியா இறங்கி வாங்க பாப்போம்" என்றாள் மனைவி கீழிருந்து.

கம்பத்துக்காரர் கீழே பார்த்தார். கண்ணை மூடினார். பிறகு மேல்பக்கமாகக் கையை நீட்டினார்.

"கொஞ்சம் பிடிச்சுக்குங்க டாக்டரம்மா. இனிமே நான் மாடியிலேயே படுத்துக்கிறேன்."