கிள்ளிப் பார்த்த குழு

மூலிகை ஆய்வு நிலையத்தில் ஓர் ஆராய்ச்சியாளர் அம்மா இருந்தார். ஒப்பந்த வேலை. மாதக் கடைசிக்குள் இலையில் மருந்துச் சத்தைக் கூட்டிக் காட்டாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நாகரிகமான மொழியில் கடிதம் வந்திருந்தது. அவர் இயக்குநரிடம் போனார்.

"சார், செடிக்குள்ள ஒரு நொதி இருக்கு. அதுதான் மருந்துச் சத்தைத் தயார் பண்ணுது. ஆனா இலையில காயம் பட்டாத்தான் அது வேலையை ஆரம்பிக்கும். நாம செடியைத் தொடாம வளர்க்கிறோம். அதுவும் சும்மா இருக்கு. லேசா கிள்ளிவிட அனுமதி வேணும்."

"யாரும்மா கிள்ளுறது? அப்படி ஒரு பதவியே நம்மகிட்ட இல்லையே."

இலை கிள்ளுதல் குறித்துத் தீர ஆராய ஏழு அதிகாரிகள் கொண்ட உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டது. குழு தோட்டத்தைப் பார்வையிட்டது. மூலிகையைக் கண்டால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? போகிற போக்கில் ஆளுக்கொரு இலையைக் கிள்ளி, கசக்கி, மோந்து பார்த்து, "நல்ல வாசனை" என்றார்கள். கிள்ளலாமா கூடாதா என்ற முடிவை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள்.

மறுவாரம் அந்தச் செடிகளைச் சோதித்தால் சத்து மூன்று மடங்கு. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"அவங்க கிள்ளினதாலதான் சார்."

"அப்படி எழுதினா அதிகாரிங்க அனுமதியில்லாம கிள்ளினதா ஆயிடும். 'குழுவின் வருகையால் சத்து பெருகியது'ன்னு எழுதுங்க. உங்க நீட்டிப்புக் கோப்பும் என் மேசையிலதான் இருக்கு."

அம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. எழுதிக் கொடுத்தார்.

வந்து நின்றாலே சத்து பெருகும் என்றால் விடுவார்களா? எல்லாத் துறை அதிகாரிகளும் முறைவைத்து வந்தார்கள். மனைவி மக்கள், மச்சான், மாமனார் சகிதம் வந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். நானும் ஒருநாள் போனேன். பொய் சொல்வானேன், இரண்டு இலை கிள்ளினேன்.

அறுவடை நாளன்று தோட்டத்தில் வெறும் குச்சிகள் நின்றன. குழு அவசரமாகக் கூடி, இது புழுக்களின் வேலை என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. எந்தப் புழு என்று கண்டறியும் பொறுப்பு அம்மாவுக்கு. இரண்டு ஆண்டு நீட்டிப்பும் உண்டு.

அம்மா ஆணையை வாங்கிப் படித்தார்.

"சார், அது எந்தப் புழுன்னு உங்களுக்கே தெரியுமே."

"தெரியும்மா. இப்பவே சொல்லிட்டா ரெண்டு வருஷம் நீங்க என்ன பண்ணுவீங்க?"