சோற்றில் வரப்பு கட்டியவர்

சர்க்கரைக்கு முறிவு உப்புதான் என்று நம்பியவன் நான். மூன்று கரண்டி சர்க்கரை போட்ட டீயில் ஒரு சிட்டிகை உப்பையும் போட்டால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்துவிடும் என்று ஒரு மாதம் குடித்தேன். மரக்காணம் உப்பளத்தில் லாரிக்கு டோக்கன் எழுதுகிறவனுக்கு வேறென்ன வைத்தியம் தோன்றும்?

அந்த டீயைப் பிடுங்கி வரப்போரம் ஊற்றியவர் டிகிரி. அளந்து பார்க்காமல் இந்த உலகத்தில் எதையும் நம்பாத மனிதர். பாத்தித் தண்ணீரில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, எத்தனை டிகிரி, உப்பு எப்போது கட்டும் என்று சொல்வது அவர் வேலை. பெயரும் அதனால் வந்ததுதான். கூனிமேட்டில் ஒரு கல்யாணப் பந்தியில் பாயச வாளிக்குள்ளும் குழாயை விட்டுவிட்டார். "ரெண்டு நாள் வெயில் காஞ்சா வாரிடலாம்பா" என்றார். பெண் வீட்டார் குழாயோடு அவரையும் வெளியே அனுப்பினார்கள்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. எனக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்தவரே அவர்தான்.

"ஏம்பா, காலையிலேர்ந்து பதினோரு தபா ஒதுங்கிட்டு வர்ற. நேத்து ஒம்போது. இன்னா சமாச்சாரம்?"

என் மூத்திரத்தை எண்ணிய மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான். ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். மாத்திரை கொடுத்தார்கள். சோற்றைக் குறைத்து, தட்டில் பாதிக்குக் காயும் கீரையும் சாப்பிடச் சொன்னார் நர்ஸம்மா. நான் உப்பு டீயில் இறங்கியது தெரிந்ததும் டிகிரி பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் என் தட்டில் விரலால் வரப்பு கட்டினார். இந்தப் பக்கம் பாதி முருங்கைக்கீரை. அந்தப் பக்கம் ஒரு காலுக்கு மீன், ஒரு காலுக்குச் சோறு. நடுவில் குழம்பு ஊற்றினால் வரப்பு உடையும், உடைந்தால் கத்துவார்.

"டேய், சோறு கீரைப் பாத்திக்குள்ள பூந்துடுச்சு. தள்ளு அந்தாண்ட!"

உப்பு வாருகிற பெண்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறினார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. கேழ்வரகு நல்லது என்றார்கள். மூன்று சொம்பு கூழ் குடித்தேன். "கூழும் மாவுதான்டா" என்று தலையில் அடித்துக்கொண்டார். டெஸ்டுக்கு முன்னால் இரண்டு நாள் பட்டினி கிடந்து நல்ல நம்பர் வாங்கினேன். அந்தச் சந்தோஷத்தில் நான் ஜிலேபி தின்றதையும் கண்டுபிடித்துவிட்டார்.

"மொதலாளி வர்ற அன்னிக்கு மட்டும் ஆபீசப் பெருக்குறியே, அந்தப் புத்திதான இது? நம்பர் டாக்டருக்கு இல்லடா, ஒனக்கு."

அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் உப்பைக் கரையேற்றுகிற அவசரம். ஆபீஸ்காரனான நானும் வெறுங்காலோடு பாத்தியில் இறங்கினேன். காலில் கீறல் இருந்தவர்களெல்லாம் "எரியுது, எரியுது" என்று குதித்தார்கள். என் சுண்டுவிரலோரம் நாலைந்து நாளைக்கு முன்னால் கிளிஞ்சல் கிழித்த இடம் வாய் பிளந்திருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. காலைத் தூக்கிக் காட்டிப் பெருமையடித்தேன்.

"பாருங்கண்ணா, எவ்ளோ பெரிய காயம்! துளி எரியல. இதான் ஒடம்பு!"

எல்லாரும் சிரித்தார்கள். டிகிரி சிரிக்கவில்லை. குனிந்து, ஒரு கை உப்புத் தண்ணீரை அள்ளிக் காயத்தில் ஊற்றினார்.

"எரியுதா?"

"இல்லண்ணா."

இன்னொரு கை ஊற்றினார். அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தார். எதற்கும் ஒரு நம்பர் வைத்திருக்கிற மனிதர், வாயே திறக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அன்றைக்கே பாண்டிச்சேரிக்கு பஸ் ஏற்றினார். சர்க்கரையால் கால் மரத்துப் போயிருக்கிறது, புண்ணில் சீழ் வைத்துவிட்டது என்றார் டாக்டர். விரலை எடுக்க வேண்டி வருமா என்று கேட்டேன். "மருந்து நாங்க குடுக்கறோம். சுகர் அடங்கினாத்தான் புண்ணு ஆறும்" என்றார்.

அதற்கப்புறம் வரப்பை நானே கட்டினேன். டிகிரி தினமும் எதிரில் உட்கார்ந்து, தன் தட்டிலும் அதே வரப்பைக் கட்டிச் சாப்பிட்டார். அதே ஒரு கால் சோறு, அதே கீரை. டீக்கடையில் "சக்கர இல்லாம ரெண்டு" என்பார். தினம் காலையில் லாடம் அடிக்கிற மாட்டைப் போல என் காலைத் தூக்கி வைத்து, விரலிடுக்கெல்லாம் பார்த்துவிட்டுத்தான் என்னை ஆபீசுக்குள் விடுவார்.

புண் மூட நாலு மாசமானது. விரல் தப்பியது. அன்று டீக்கடையில் எனக்குப் பெரிய மனுஷத்தனம் வந்துவிட்டது.

"என்னையே பாத்துட்டிருந்தீங்களே, உங்களுத கவனிச்சீங்களாண்ணா? உங்க சுகர் இப்ப எவ்ளோ இருக்குது?"

கசந்த டீயை ஒரே மடக்கில் முடித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

"எனக்கேதுபா சுகரு?"